கேட்கிறவர் முகம்

நீதிமன்றத்தின் இரண்டாம் கூடத்தில் நடக்கும் விசாரணையை வீட்டிலிருந்தே நேரலையில் பார்க்கலாம் என்று அறிவிப்பு வந்தது. நானும் மருமகளிடம் சொல்லி அதைத் தொலைக்காட்சியில் வரவைத்துக்கொண்டேன். அதே கட்டடத்தின் ஆவண அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வழக்குக் கட்டுகளைத்தான் பார்த்திருக்கிறேனே தவிர, அந்தக் கட்டுகள் உருவாகும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தது மிகக் குறைவு.

பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் புதிராக இருந்தது. வக்கீல் பேசுவார், திரையில் எதிர்த்தரப்பு வக்கீலின் முகம் தெரியும். சாட்சி பேசத் தொடங்குவார். அவரை ஒருமுறை காட்டிவிட்டுப் படம் நீதிபதிக்கோ, பின்வரிசையில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருக்கும் சாட்சியின் மனைவிக்கோ போய்விடும். குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது.

"மாமா, கேமராக்காரருக்குத் தூக்கம் போல. ஆள் மாத்தி ஆள் மாத்திக் காட்டறாரு" என்றாள் மருமகள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. தூக்கத்தில் இருக்கிறவரின் கை இவ்வளவு ஒழுங்காகத் தவறாது. என்னதான் நடக்கிறது என்று பார்க்க ஒருநாள் நேரில் போனேன். அப்படித்தான் கேமராவை இயக்கும் இந்த அம்மாவை எனக்குத் தெரிய வந்தது. நான் கண்டதைக் கண்டபடியும், பிறர் சொல்லிக் கேட்டதைக் கேட்டதென்றும் எழுதுகிறேன்.

இரண்டாம் கூடம் பழைய கட்டடத்தில் இருக்கிறது. உயரமான ஜன்னல்கள், நடுவில் தூண்கள். இடப்பக்கத் தூணின் மறைவில் ஒரு சின்ன மேசை. அதன் பின்னால் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியின் குறுக்குக் கட்டையில் பாதங்களை ஊன்றி உட்கார்ந்திருந்தார். முன்னால் சிறு திரை, பக்கத்தில் பொத்தான் பலகை. கூடத்தில் மூன்று கேமராக்கள்: ஒன்று நீதிபதியைப் பார்த்து, ஒன்று சாட்சிக் கூண்டைப் பார்த்து, இன்னொன்று வக்கீல்களையும் பின்வரிசைகளையும் பார்த்து. எந்தப் பொத்தானை அழுத்துகிறாரோ அந்தக் கேமராவின் படம் ஊருக்குப் போகும். இடது மணிக்கட்டில் கறுப்பு டேப் சுருள் ஒன்றை வளையல் மாதிரி மாட்டியிருந்தார்.

இடைவேளையில் அவரிடம் கேட்டேன். "ஏம்மா, பேசறவங்களை விட்டுட்டு கேக்கறவங்களையே காட்டறீங்களே, அப்படித்தான் உத்தரவா?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "காட்டறேனா?"

"காட்டறீங்க. வீட்டுல பாத்துட்டுத்தான் வந்தேன்."

"ஐயோ" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "பேசறவங்களைத்தான் காட்டணும்னு உத்தரவு. இது கல்யாண வீட்டுக் கை சார். போகவே மாட்டேங்குது."

பிறகு அவரே விளக்கினார். "கல்யாணத்துல பொண்ணோட அப்பா எழுந்து மைக்கைப் பிடிப்பாரு. பிடிச்சா விட மாட்டாரு. அவரையே காட்டிட்டிருந்தா அந்த வீடியோவை அவரைத் தவிர யாரு பாப்பாங்க? ‘என் பொண்ணு’ன்னு அவரு ஆரம்பிச்சதும் நான் பொண்ணு மூஞ்சிக்குப் போயிடுவேன். பேசறவங்க மூஞ்சில பேச்சு மட்டும்தான் சார் இருக்கும். விஷயம் கேக்கறவங்க மூஞ்சிலதான்."

வக்கீல்கள் அவருக்குக் ‘கல்யாணக் கேமரா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். கோபமில்லை. "உண்மையைத்தானே சொல்றாங்க" என்றார்.

அவரும் கணவரும் கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். திருமணங்களுக்குப் போனால் கணவர் புகைப்படம், இவர் வீடியோ. நீதிமன்றம் முதலில் வாங்கிய கேமராக்கள் தொங்கவிட்ட வாரத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணை மூடிவிட்டன. நேரலை என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, நிறுத்தினால் கேவலம். அப்போது நீதிமன்றத்தின் தலைமை எழுத்தருக்கு, தன் மகள் திருமணத்தை எடுத்த இந்த அம்மாவின் நினைவு வந்திருக்கிறது. சொந்தக் கேமராக்களோடு வந்து நடத்தித் தர வேண்டும், ஒரு வருடம் வெள்ளோட்டம், சரியாக நடந்தால் நிரந்தரம் என்று பேச்சு. இவர் அந்தப் பருவத்துத் திருமண ஆர்டர்களை எல்லாம் வேறு ஸ்டூடியோக்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தார்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கேமராவின் படம் வெளியே போகும்போது அதன் நெற்றியில் ஒரு சிறு சிவப்பு விளக்கு எரியும். நாம் இப்போது காட்டப்படுகிறோம் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிவதற்காக. நீதிமன்ற விதியிலும் அந்த விளக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இருந்தது. ஆனால் கல்யாண வீட்டில் அந்த விளக்கு தெரிந்தால், அழுதுகொண்டிருந்த அத்தைகூடக் கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரிப்பாராம். அதனால் வீடியோக்காரர்கள் அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிவிடுவார்கள். இந்த அம்மாவின் மூன்று கேமராக்களும் அந்த டேப்போடுதான் நீதிமன்றத்துக்கு வந்தன. எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. வேறு யாரும் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

இனி வழக்கு. ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இஸ்திரிக் கடை வைத்திருந்த ஒருவர். அவரை அங்கே இருக்கச் சொன்னவர் கட்டடத்தின் பழைய முதலாளி. அவர் காலமான பின் மகன் இடத்தைக் காலி செய்யச் சொன்னார். இஸ்திரிக்காரரிடம் காகிதம் எதுவும் கிடையாது. நீ உயிரோடு இருக்கும்வரை இருந்துகொள் என்று பெரியவர் வாயால் சொன்னது மட்டும்தான். மகன் வழக்குப் போட்டார். பெரியவர் அப்படி நினைத்தார் என்பதற்கு ஏதாவது செய்கை உண்டா என்பதே கேள்வி.

இரண்டாம் கூடத்து நீதிபதியை எல்லோரும் ‘கடிகாரம்’ என்பார்கள். உட்கார வேண்டிய நேரத்துக்கு உட்காருவார், எழ வேண்டிய நேரத்துக்கு எழுவார். அவர் நேர்மையைப் பற்றி ஒரு குறைச்சொல் கேட்டதில்லை. அவர் மேசையில் வேலை தேங்கியதும் இல்லை. தேங்காமல் இருக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். சாட்சி பேசிக்கொண்டிருக்கும்போதே மற்ற வழக்குகளின் தாள்களில் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவார். பணியாள் பக்கத்தைத் திருப்பத் திருப்ப, பேனா ஓடிக்கொண்டே இருக்கும்.

எங்கள் நீதிமன்றங்களில் சாட்சி சொல்வதை அப்படியே யாரும் எழுதிக்கொள்வதில்லை. சாட்சி பேசுவார், நீதிபதி அதைக் கேட்டுத் தன் வாசகத்தில் டைப்பிஸ்ட்டுக்குச் சொல்வார், டைப்பிஸ்ட் அம்மா அடிப்பார். நீதிபதி வாயிலிருந்து வராத வார்த்தை கட்டுக்குள் வராது.

இஸ்திரிக்காரர் கூண்டில் ஏறிய நாளில் நான் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உரக்கப் பேசுகிறவர். "பெரிய முதலாளியே எலக்ட்ரீசியனைக் கையோட கூட்டிட்டு வந்தாருங்க. ‘இவன் இருக்கற வரைக்கும் இந்த லைன் இவனுக்கு’ன்னு சொல்லி, தன் செலவுல வயர் இழுத்துக் குடுத்தாருங்க" என்றார். அந்த நேரம் திரையில் தெரிந்தது நீதிபதி. குனிந்த தலை, ஓடும் பேனா, பணியாளின் விரல் பக்கம் திருப்புகிறது. திரையின் ஓரத்தில் டைப்பிஸ்ட் அம்மாவின் கைகள் விசைப்பலகைக்கு மேல் காத்துக்கொண்டிருந்தன. நீதிபதி நிமிராமலே "சரி, அடுத்து?" என்றார். கைகள் மடிக்கு இறங்கின.

தீர்ப்பு இஸ்திரிக்காரருக்கு எதிராக வந்தது. அதில் ஒரு வரி: பழைய உரிமையாளர் கடைக்கென்று தாமாக எதையும் செய்து கொடுத்ததாகப் பிரதிவாதி தன் சாட்சியத்தில் எங்கும் கூறவில்லை.

இதைக் கேட்டு வராந்தாவில் இஸ்திரிக்காரர் போட்ட சத்தத்தை அங்கிருந்த ஒருவர் என்னிடம் நடித்தே காட்டினார்.

"சொன்னேனே! மூணு தெருவுக்குக் கேக்கற மாதிரி சொன்னேனே!"

"மூணு தெருவுக்குக் கேட்டிருக்கும். மேடைக்குக் கேக்கல போல" என்றாராம் அவர் மனைவி.

ஆனால் உண்மையிலேயே தெருவுக்குக் கேட்டிருந்தது. அவரிடம் துணி கொடுக்கும் பலர் அன்றைக்குக் கைப்பேசியில் பார்த்திருந்தார்கள். நேரலையின் பதிவு நீதிமன்றத்தின் பக்கத்திலேயே இருந்தது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒருவர் இன்னொருவருக்கு அனுப்ப, ஊரெங்கும் சுற்றியது. இஸ்திரிக்காரரின் வக்கீல் அதை வைத்துக்கொண்டு, தீர்ப்பில் பிழை இருக்கிறது, மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அதே நீதிபதியிடம் மனுப் போட்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருப்பாரா? நேரலை வேடிக்கை பார்க்கத்தான், அது நீதிமன்ற ஏடு ஆகாது என்றார். அதோடு நிறுத்தாமல், பேசுகிற சாட்சியை விட்டுவிட்டு நீதிபதியைக் காட்டியது ஏன், அதுவும் விளக்கை மூடி வைத்துக்கொண்டு திருட்டுத்தனமாகக் காட்டியது ஏன் என்று கேட்டார். அப்போதுதான் கூடத்தில் எல்லோரும் நிமிர்ந்து கேமராக்களைப் பார்த்தார்கள். மூன்றின் நெற்றியிலும் டேப்.

கேமராக்கார அம்மா எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று உத்தரவானது.

அந்த வாரம் ஓய்வூதிய அலுவலகத்துக்குப் புதிய புகைப்படம் கொடுக்க வேண்டியிருந்ததால் நான் அவர்கள் ஸ்டூடியோவுக்குப் போனேன். குறுகலான இடம். முன்னால் கண்ணாடி மேசை, பின்னால் திரைச்சீலை, ஒரு ஸ்டூல், குடை விளக்கு. கணவர் என்னை ஸ்டூலில் உட்காரவைத்துத் தாடையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "சார், மூச்சை விடுங்க. பென்ஷனை நிறுத்திட்ட மாதிரி பாக்காதீங்க."

அந்த நேரம் தலைமை எழுத்தர் உள்ளே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. எல்லோருக்கும் நல்லவராக இருக்கப் பார்ப்பவர். என்னைப் பார்த்து "நீங்களும் இருக்கீங்களா, நல்லதாப் போச்சு" என்றார். எது நல்லது என்று சொல்லவில்லை.

"இதோ பாரும்மா" என்று அந்த அம்மாவிடம் ஆரம்பித்தார். "ஒரே ஒரு வரி. இயந்திரக் கோளாறால படம் இடம் மாறிடுச்சு, படமும் சத்தமும் பொருந்தியிருந்ததுன்னு உறுதியாச் சொல்ல முடியாது. அவ்வளவுதான். கையெழுத்துப் போடு. வேலை நிரந்தரம் ஆகறது என் பொறுப்பு."

"எழுதிட்டா இஸ்திரிக்காரர் மனு என்ன ஆகும்?"

"அது கோர்ட் பாடு."

"தள்ளிடுவாங்க இல்ல?"

"தள்ளலாம்."

"எழுதலைன்னா என் பாடு?"

தலைமை எழுத்தர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "விளக்கை மூடினது விதிமீறல். அதை வெச்சே அனுப்பிடுவாங்க. கல்யாண ஆர்டரெல்லாம் வேற ஆளுங்க கைக்குப் போயிடுச்சுன்னு உங்க வீட்டுக்காரரே சொன்னாரு."

"நான் எப்ப சொன்னேன்?" என்றார் கணவர், கேமராவுக்குப் பின்னாலிருந்து.

"நேத்து டீக்கடையில."

"டீக்கடையில சொன்னதெல்லாம் சாட்சியமா?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கணவரைப் பார்த்தார்.

"எழுதிக் குடுத்துடு. நமக்கு எதுக்கு? இஸ்திரிக்காரரு நமக்கு மாமனா மச்சானா?"

"அதை விடுங்க. நம்ம மெஷின்ல கோளாறுன்னு எழுதச் சொல்றாங்க. இத்தனை கல்யாணம் எடுத்திருக்கோம், ஒண்ணுலயாவது படம் ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம் போயிருக்கா?"

"ஒண்ணுல கூடப் போகல" என்றார் கணவர் உடனே. குரல் மாறியிருந்தது. "யாரு சொன்னா போச்சுன்னு?"

"நான் சொல்லணுமாம். நானே என் கையால."

தலைமை எழுத்தர் குறுக்கிட்டார். "அட, பேருக்கு ஒரு வரிம்மா."

"சார், அந்தத் துண்டை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன். அவரு சொல்றது அட்சரம் பிசகாம கேக்குது. கேக்கலைன்னு எப்படி எழுதறது?" என்றவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார், கட்டெல்லாம் வெச்சுப் பாத்தவரு. முன்னெல்லாம் ஜட்ஜ் காது குடுத்துக் கேக்கறாரா இல்லையான்னு யாரு பாப்பாங்க?"

"கூடத்துல இருக்கறவங்க பாப்பாங்க. ஆனா கட்டுல அது ஏறாது" என்றேன்.

தலைமை எழுத்தர் கொண்டுவந்த தாளைக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டுப் போனார். என் புகைப்படம் மறுநாள் கிடைத்தது. வாயை லேசாகத் திறந்து, பக்கவாட்டில் எதையோ கேட்டுக்கொண்டிருக்கும் முகம். "பேச்சு சுவாரசியத்துல கை அமுக்கிடுச்சு சார். ஆனா நல்லா வந்திருக்கு" என்றார் கணவர். ஓய்வூதிய அலுவலகம் அதை ஏற்கவில்லை.

மனு விசாரணைக்கு வந்த நாளில் நான் கடைசி பெஞ்சில், தூண் மறைவில் இருந்த அந்த மேசையை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா தலைமை எழுத்தரின் தாளைக் கொடுக்கவில்லை. தானே எழுதிக் கொடுத்திருந்தார். இயந்திரத்தில் கோளாறு இல்லை, மற்றதை நேரில் சொல்கிறேன் என்று மட்டும். ஆகவே அவரையே கூண்டில் ஏறச் சொன்னார்கள். அவர் கூண்டில் நின்றால் பொத்தான் பலகையில் யார்? கணவர் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். கேமராக்களில் டேப் அப்படியே இருந்தது. விசாரணைக்குரிய பொருள், யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "சாட்சி பேசும்போது நீதிபதி அவர்களைக் காட்டச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க."

"அப்ப வேணும்னே செஞ்சீங்க?"

"வேணும்னும் இல்லைங்க. பழக்கம். கல்யாணத்துல ஒருத்தர் பேசினா கேக்கறவங்களைக் காட்டுவோம். கை தானாப் போயிடுச்சு."

"இது கல்யாணம் இல்லை."

"இல்லைங்க. இங்க யாரும் சாப்பிடக் கூப்பிடல."

கூடம் சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. "விளக்கு?" என்று அவரே கேட்டார்.

"அது என் தப்புங்க ஐயா. கல்யாணத்துக்கு ஒட்டின டேப். விளக்கு தெரிஞ்சா ஆளுங்க மூஞ்சியை மாத்திக்குவாங்க. அதுக்காக ஒட்டறது. இங்க வந்ததும் எடுத்திருக்கணும், எடுக்கல."

"கோளாறுன்னு எழுதிக் கொடுக்கலாமேன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

தலைமை எழுத்தர் கையிலிருந்த கட்டின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பாமலே, "ஊர்ல பல பேர் பல விதமாச் சொல்றாங்க ஐயா. மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

இந்த நேரத்தில் பக்கத்தில் இருந்த சிறு திரையைப் பார்த்தேன். மனைவி கூண்டில் நின்று பேசுகிறார். அதைக் காட்ட வேண்டிய கணவரின் விரல் முதல் பொத்தானில் இருந்தது. ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது நீதிபதியின் முகம். நான் இருமினேன். கணவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் விரலை எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றாத முகமாகத்தான் இருந்தது அது. நீதிபதியின் எதிரே தாள் எதுவும் இல்லை, கையில் பேனாவும் இல்லை.

"போட்டுக் காட்டுங்க" என்றார் நீதிபதி.

கூடத்துச் சுவரில் இருந்த பெரிய திரையில் அந்தத் துண்டு ஓடியது. குனிந்த தலை. பேனா. பக்கம். எலக்ட்ரீசியன், லைன், வயர் என்று கூடம் முழுக்க இஸ்திரிக்காரரின் குரல். "சரி, அடுத்து?" இறங்கும் கைகள். டைப்பிஸ்ட் அம்மா திரையில் தன் கைகளைப் பார்த்துவிட்டு, மடியில் இருந்த கைகளைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை."

இரண்டாம் முறை ஓடும்போது நீதிபதி திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்டார். முடிந்ததும் அந்த அம்மாவிடம், ஒரு வேலைக்காரர் இன்னொரு வேலைக்காரரிடம் கேட்கிற மாதிரி கேட்டார். "நான் எப்பவுமே இப்படித்தானா?"

எதிர்த்தரப்பு வக்கீல் எழப் போனார். நீதிபதி கையை உயர்த்தி நிறுத்தினார்.

அந்த அம்மா யோசித்தார். யோசித்த அந்தச் சிறு நேரத்தில் அவர் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. அந்த நேரம் கணவர் நீதிபதியைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். நானும் அதைத்தான் பார்த்தேன்.

"எப்பவும் இல்லைங்க ஐயா. தாள் நிறைய இருக்கற நாள்ல மட்டும்."

நீதிபதி டைப்பிஸ்ட் பக்கம் திரும்பிச் சொல்லத் தொடங்கினார். நேரலைப் பதிவு ஏடு ஆகாது என்ற வாதத்தை இன்று முடிவு செய்ய வேண்டியதில்லை. பதிவைப் பார்த்ததில், பிரதிவாதி சொன்ன ஒரு முக்கியமான செய்தி இந்த நீதிமன்றத்தின் கவனத்தில் ஏறாமல் போயிருக்கிறது. அது பிரதிவாதியின் பிழை அல்ல. தீர்ப்பு திரும்பப் பெறப்படுகிறது. பிரதிவாதி மீண்டும் விசாரிக்கப்படுவார். ‘இந்த நீதிமன்றத்தின் கவனத்தில்’ என்றுதான் சொன்னார், ‘என் கவனத்தில்’ என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாசகத்தை டைப்பிஸ்ட் அம்மா அடித்து முடிக்கும்வரை அவர் காத்திருந்ததை நான் பார்த்தேன்.

அடுத்து, கேமராக்களில் இருக்கும் டேப் இன்றே அகற்றப்பட வேண்டும். விதியை மீறியதற்காகக் கேமரா நடத்துநர் எச்சரிக்கப்படுகிறார் என்று முடித்தார். எச்சரிக்கை என்றால் வேலை போகவில்லை என்று அர்த்தம். அந்த அம்மாவுக்கு அது புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் அவசரமாகக் கூண்டிலிருந்து இறங்கி வந்து, சிறு திரையைப் பார்த்துவிட்டுக் கணவரின் தோளில் ஒன்று வைத்தார்.

"யாரைக் காட்டிட்டிருந்தீங்க?"

"அவரைத்தான்."

"நான் பேசறப்பவா?"

"உன் மூஞ்சியை நான் பாத்ததில்லையா?"

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை மறுபடியும் மறுபடியும் அந்தக் கடைசி பெஞ்சுக்கு இழுத்தது.

டேப் போனது; விளக்குகள் எரியத் தொடங்கின. தன் பக்கத்து விளக்கு எரிந்தால் வக்கீல் அங்கியை இழுத்துவிட்டுக்கொள்வார். அணைந்தால் தோள் தளரும். பின்வரிசையில் ஒரு மனிதர் விளக்கு எரியும்போதெல்லாம் தலைமுடியைக் கோதிக்கொண்டிருந்தார். அவருக்கு அங்கே வழக்கே இல்லை. நீதிபதியும் மனிதர்தானே. தன் விளக்கு எரிந்தால் சாட்சியை உற்றுப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினார். சில நேரம் சாட்சி வாயைத் திறக்கும் முன்பே ஆட்டினார்.

"பாத்தீங்களா சார்? எல்லார் மூஞ்சியும் ஆல்பம் மூஞ்சி ஆயிடுச்சு" என்று அந்த அம்மா சலித்துக்கொண்டார். "இதுக்குத்தான் டேப் ஒட்டறது."

"டேப் விதிக்கு விரோதம் ஆச்சே."

"விளக்கு எரியணும்னுதானே விதி? எப்ப அணையணும்னு விதியில இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் விதியை எடுத்துப் படித்தேன். அணைவதைப் பற்றி ஒன்றும் இல்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் தலைமை எழுத்தரிடம் சொன்னார். தலைமை எழுத்தர், இந்தத் தடவை பயந்துகொண்டே, நீதிபதியின் அறைக்குள் போய்க் கேட்டுவிட்டு வந்தார். "செய்யச் சொல்லுங்கன்னாரு. என்னைப் பாத்துச் சிரிச்ச மாதிரி கூட இருந்துச்சு" என்றார்.

மறுநாளிலிருந்து மூன்று கேமராக்களின் விளக்குகளும் காலை உட்கார்ந்தது முதல் மாலை எழுவது வரை எரிந்தன. யாரைக் காட்டுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரையும் காட்டலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் சில நாட்கள் எல்லோரும் விறைப்பாக இருந்தார்கள். நாள் முழுவதும் விறைப்பாக யாரால் இருக்க முடியும்? மெல்ல மெல்ல முகங்கள் பழையபடி ஆயின. தலைமுடியைக் கோதியவர் வருவதை நிறுத்திவிட்டார். கையெழுத்துக்கான தாள்கள் உணவு இடைவேளைக்குப் பின் நீதிபதியின் அறைக்குப் போயின. கடிகாரம் என்ற பெயருக்குக் கொஞ்சம் பங்கம் வந்தது. இப்போதெல்லாம் சில நாட்களில் அவர் தாமதமாக எழுகிறார்.

இஸ்திரிக்காரர் மறுபடியும் கூண்டில் ஏறிய நாளில், அவர் வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் கூடத்தில் இருந்தார்கள். மனைவி பின்வரிசையில். நீதிபதி கைகளைக் கோத்து மேசைமேல் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். தலையாட்டவில்லை. வெறுமனே பார்த்தார்.

இஸ்திரிக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். மூன்று தெருவுக்குக் கேட்கிற அந்தக் குரலைக் காணோம். "ஐயா..." என்றார். பிறகு, "ஐயா இப்படிப் பாத்தா எனக்குப் பேச்சு வரலைங்களே."

பின்வரிசையிலிருந்து அவர் மனைவி பொறுக்க மாட்டாமல், "வீட்டுல நானும் இப்படிப் பாத்திருக்கலாம்" என்றார். காவலர் உஷ் என்றார். கூடத்தில் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பரவாயில்லை. ஞாபகப்படுத்திக்கிட்டு மெதுவாச் சொல்லுங்க. காத்திருக்கேன்" என்றார் நீதிபதி.

காத்திருந்தார். சிறு திரையைப் பார்த்தேன். அந்த அம்மாவின் விரல் பலகையின் ஓரத்தில் இருந்த, நான் அதுவரை கவனித்திராத ஒரு பொத்தானுக்குப் போயிருந்தது. திரை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதியில் சொல்லத் தடுமாறும் இஸ்திரிக்காரர். மறுபாதியில் கேட்கக் காத்திருக்கும் நீதிபதி.

"இது எப்பலேர்ந்தும்மா இருக்கு?" என்று கிசுகிசுத்தேன்.

"எப்பவும் இருக்கறதுதான் சார். மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல அழுதா மட்டும் போடுவோம்."

இஸ்திரிக்காரர் மெல்லத் தன் பேச்சுக்குள் எலக்ட்ரீசியனை அழைத்து வந்தார். பெரிய முதலாளி சொன்னதைச் சொன்னார். முதல் முறை சொன்ன அளவுக்குக் கோவையாக இல்லை. வயர் முதலில் வந்து எலக்ட்ரீசியன் பின்னால் வந்தார். நீதிபதி ஒரு கேள்வி கேட்டு அதைச் சரிசெய்துகொண்டு, டைப்பிஸ்ட்டுக்குச் சொன்னார். விசைகளின் சத்தம் கேட்டது. இஸ்திரிக்காரர் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தம் ஓயும்வரை டைப்பிஸ்ட் அம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய தீர்ப்பில் இஸ்திரிக்காரர் தன் ஆயுள்வரை அந்த இடத்தில் இருக்கலாம் என்று வந்தது. கட்டட முதலாளி மேல்முறையீடு செய்திருக்கிறார். இதை எழுதும்வரை அது விசாரணைக்கு வரவில்லை. மேல் நீதிமன்றத்தில் கேமரா கிடையாது. முதல் கூடத்து நீதிபதியும், தன் கூடத்துக்குக் கேமரா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருப்பதாகக் கேள்வி. நான் அந்தக் கடிதத்தைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் வேலை இரண்டாம் கூடத்தில் நிரந்தரமாகிவிட்டது. விடுமுறை நாட்களில் மட்டும் திருமணங்களுக்குப் போகிறார். போகும்போது மூன்று கேமராக்களுக்கும் டேப் ஒட்டிவிடுகிறார். மறுநாள் காலை, நீதிபதி வந்து உட்காருவதற்குள், தூண் மறைவில் நின்று நகத்தால் சுரண்டி ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறார்.